ரோ லாரன் எந்தப் பக்கம்?

பஜோரியர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ரோ என்பது குடும்பப் பெயர். லாரன் அவருக்கென்று வைத்த பெயர். இது தெரியாத கேப்டன் பிக்கார்ட் 'என்சைன் லாரன்' என்று கூப்பிட, எதிரே நிற்கும் இளம் பெண் அதிகாரி உடனே திருத்துகிறார். எங்கள் ஆட்களில் பலர் மற்றவர்களோடு ஒத்துப்போவதற்காகப் பெயர் சிதைவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நான் பொறுத்துக்கொள்வதில்லை என்கிறார். அதற்குச் சற்று முன்புதான், கலத்தில் கால் வைத்த கையோடு, துணைத்தலைவர் ரைக்கர் அவருடைய காதணியைக் கழற்றச் சொல்லியிருந்தார். அது பஜோரியர்களின் சமய அடையாளம். சீருடை விதியில் அதற்கு இடமில்லையாம்.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் 1991 அக்டோபரில் வந்த 'என்சைன் ரோ' என்ற அத்தியாயத்தின் தொடக்கம் இது. ரோவாக நடித்தவர் மிஷெல் ஃபோர்ப்ஸ். தொடரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கதை 24ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. பூமியும் வேறு பல கோள்களும் சேர்ந்தது ஃபெடரேஷன் என்ற கூட்டமைப்பு. அதன் விண்படை ஸ்டார்ஃப்ளீட். பக்கத்து வல்லரசு கார்டாசியா. கார்டாசியர்கள் பஜோர் என்ற கோளைப் பல பத்தாண்டுகளாக ஆக்கிரமித்து, மக்களை அகதி முகாம்களுக்குத் துரத்தியிருக்கிறார்கள். ரோ அப்படியொரு முகாமில் வளர்ந்தவர். ஏழு வயதில் அவர் கண்முன்னாலேயே அவருடைய அப்பாவைக் கார்டாசியர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். பிறகு ஸ்டார்ஃப்ளீட்டில் சேர்ந்து, ஒரு பணியில் உத்தரவை மீறி, அதனால் எட்டுப் பேர் உயிரிழந்து, ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, சிறையில் இருந்தவர்.

சிறையிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது யாருடைய கருணையும் அல்ல. ஓர் அட்மிரலுக்கு ரகசிய வேலை ஒன்றுக்கு ஒரு பஜோரியப் பெண் தேவைப்பட்டார். தன் கேப்டனுக்கே தெரியாமல் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. முதல் அத்தியாயத்திலேயே ரோவின் இடம் இப்படித் தீர்மானமாகிவிட்டது. அவருடைய இனத்தையும் காயத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அவரை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. கடைசி அத்தியாயத்திலும் அதே வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த முறை கூப்பிடுபவர் அவர் மனதார மதிக்கும் ஒருவர்.

அந்தக் கடைசி அத்தியாயத்தின் பெயர் 'ப்ரீஎம்ப்டிவ் ஸ்ட்ரைக்'. எதிராளி அடிப்பதற்கு முன் முந்திக்கொண்டு அடிப்பது என்று பொருள். 1994 மே 16 அன்று, தொடர் முடிவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் ஒளிபரப்பானது. கதை நரேன் சங்கர், திரைக்கதை ரெனே எச்செவரியா. இயக்கியவர் பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டே. ஒரு பெண் கேப்டனுக்குத் துரோகம் செய்யும் கதையை அந்தக் கேப்டனாக நடிப்பவரே இயக்குகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடைசிக் காட்சி இன்னும் கனமாகிறது.

அதற்குமுன் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபெடரேஷனும் கார்டாசியாவும் நீண்ட போருக்குப் பின் எல்லை வரைகின்றன. இரண்டு தரப்பும் படைகளை விலக்கிக்கொள்ள வேண்டிய ஒரு பட்டை நடுவில். கோடு போட்ட பிறகு பார்த்தால், ஃபெடரேஷன் மக்கள் குடியேறி வாழும் சில கோள்கள் கார்டாசியப் பக்கம் விழுந்திருக்கின்றன. கார்டாசியர் வாழும் சில கோள்கள் இந்தப் பக்கம். போனால் வீடு போகும், இருந்தால் குடியுரிமை போகும். பலர் இருந்துவிடுகிறார்கள். கார்டாசிய அதிகாரிகள் உள்ளூர் ஆட்களிடம் ரகசியமாக ஆயுதம் கொடுத்து அவர்களைத் துன்புறுத்துகிறார்கள். அமைதி குலைந்துவிடும் என்று ஃபெடரேஷன் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் குடியேறிகளும் ஆயுதம் எடுக்கிறார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'மாக்கி'.

இந்த ஒப்பந்தத்தின் முதல் பலியை 1994 மார்ச்சில் வந்த 'ஜர்னீஸ் எண்ட்' என்ற அத்தியாயம் காட்டியது. டோர்வான் என்ற கோளில் வட அமெரிக்கப் பழங்குடியினர் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவர்களைக் காலி செய்யும் பொறுப்பு பிக்கார்டுக்கு வருகிறது. 1680இல் நியூ மெக்சிகோவின் ப்யூப்லோ மக்கள் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களை வெளியே நிறுத்திவைத்தது மெய்யான வரலாறு. அந்தக் கிளர்ச்சிக்குப் பழிவாங்கப் போன படையில் பிக்கார்டின் மூதாதை ஒருவர் இருந்ததாக அத்தியாயம் கற்பனை செய்கிறது. எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அதே குடும்பத்து ஆள் அதே மக்களிடம் எழுந்து போகச் சொல்ல வந்து நிற்கிறார்.

காலி செய்யும் உத்தரவைக் கொண்டுவருபவர் ஒரு பெண். அட்மிரல் நெச்சாயெவ். விறைப்பான, சிரிக்காத, எல்லோரும் பயப்படும் அட்மிரல். (அதிகாரத்தில் இருக்கும் ஆண் கறாராக இருந்தால் அது பதவியின் இயல்பு, பெண் இருந்தால் அது அவள் குணம். அந்தக் காலத் தொலைக்காட்சிக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவரைச் சமாதானப்படுத்த பிக்கார்ட் அவருக்குப் பிடித்த சிற்றுண்டியை எல்லாம் வரவழைத்து வைக்கிறார்!) பழங்குடியினரின் பிரதிநிதி ஒருவர் பேச்சுவார்த்தையில் இருந்தார், அவருடைய ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது, விவாதிக்கப்பட்டது, இறுதியில் நிராகரிக்கப்பட்டது என்று நெச்சாயெவ் விளக்குகிறார். எந்த அரசு அலுவலகத்தின் கோப்பிலும் பார்க்கக்கூடிய வாசகம். அவருக்கும் அது உவப்பாக இல்லை என்பது முகத்தில் தெரிகிறது. ஆனாலும் உத்தரவைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.

பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் இல்லை என்பது நம்முடைய நியாயமான புகார். 1992க்கும் 2011க்கும் இடையில் நடந்த 31 முக்கிய அமைதி முயற்சிகளை ஐ.நா. பெண்கள் அமைப்பு ஆராய்ந்தபோது, கையெழுத்திட்டவர்களில் பெண்கள் 4 சதவீதம், பேச்சுவார்த்தையாளர்களில் 9 சதவீதம் மட்டுமே. இந்த எண்ணிக்கை மாற வேண்டும். ஆனால் மேசையில் ஒரு நெச்சாயெவ் உட்கார்ந்துவிட்டதால் டோர்வான் கிழவிக்கு வீடு தங்கிவிடவில்லை. கோடு யாருடைய வாசல் வழியாகப் போகிறது என்று கேட்கத் தெரிந்தவர் மேசையில் இருக்கிறாரா என்பது வேறொரு கேள்வி.

மாக்கி என்ற பெயருக்கு வருவோம். கோர்சிகா தீவின் அடர்ந்த புதர்க்காட்டுக்குப் பெயர் அது. சட்டத்துக்குத் தப்பியவர்கள் ஒளிந்துகொள்ளும் காடு. 1943 பிப்ரவரி 16 அன்று, ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சில் இளைஞர்களை ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மலைகளுக்கும் காடுகளுக்கும் ஓடினார்கள். அவர்களிலிருந்துதான் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் காட்டுப் படைகள் உருவாயின. காட்டுக்கும் மாக்கி, அங்கே போனவர்களுக்கும் மாக்கி.

காட்டில் ஒளிந்திருப்பவனுக்குச் சாப்பாடு வேண்டும். ரேஷன் அட்டை இல்லாமல் ரொட்டி கிடைக்காத காலம் அது. போலி அட்டை வேண்டும், காயத்துக்குக் கட்டு வேண்டும், குளிருக்குக் கம்பளி வேண்டும், எந்தச் சாலையில் ஜெர்மானியர்கள் நிற்கிறார்கள் என்ற செய்தி வேண்டும். செய்தி கொண்டுபோக, சோதனைச் சாவடியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சைக்கிளில் கடந்து போகக்கூடிய ஆள் வேண்டும். இவை எல்லாவற்றையும் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். அகப்பட்டால் கிடைத்த தண்டனையில் ஆண் பெண் பேதம் அதிகம் இருக்கவில்லை. சித்திரவதை உண்டு, ராவன்ஸ்ப்ரூக் முகாம் உண்டு. விருது கொடுக்கும்போது மட்டும் பேதம் வந்தது. விடுதலைக்கு உழைத்தவர்களுக்கென்று டகோல் ஏற்படுத்திய மிக உயர்ந்த விருதான 'விடுதலைத் தோழர்' பட்டம் 1,038 தனிநபர்களுக்கு வழங்கப்பட்டது. அவர்களில் பெண்கள் ஆறு பேர். தட்டுப் பிழையில்லை, ஆறுதான்.

துப்பாக்கி எடுத்த பெண்களின் கதையும் இதற்கு விலக்கல்ல. பேர்ல் விதரிங்டன் பாரிசில் பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ் பெண். பிரிட்டனின் ரகசியப் படைப் பிரிவு 1943 செப்டம்பரில் அவரைப் பாரசூட்டில் பிரான்சில் இறக்கியது. செய்தி கொண்டுபோவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. 1944 மே மாதம் அவருடைய தலைவர் கைதானபோது, ஆந்த்ர் பகுதியின் வலையமைப்பை அவரே ஏற்று நடத்தினார். கோடை முடிவதற்குள் ஆயிரக்கணக்கான மாக்கி வீரர்கள் அவருடைய ஏற்பாட்டில் இயங்கினார்கள். போர் முடிந்ததும் அவருக்கு ராணுவ வீரப் பதக்கம் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பதக்கத்துக்குப் பெண்கள் தகுதியில்லை. பதிலாக எம்.பி.இ. விருதின் சிவில் பிரிவை நீட்டினார்கள். தான் செய்ததில் சிவில் எதுவும் இல்லை என்று சொல்லி அவர் அதை மறுத்துவிட்டார். பின்னர் ராணுவப் பிரிவு விருது வந்தது. பாரசூட் வீரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறகுச் சின்னம் அவருக்குக் கிடைத்தது 2006இல். குதித்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தது.

பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் ஆணை வந்ததே 1944 ஏப்ரல் 21 அன்றுதான். முதன்முதலாக அவர்கள் வாக்களித்தது 1945 ஏப்ரல் 29இல். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் விடுதலையான ஊர்களின் சதுக்கங்களில், ஜெர்மானியரோடு உறவு வைத்திருந்ததாகச் சொல்லிப் பெண்களை உட்கார வைத்துத் தலையை மழித்தார்கள். மொத்தத்தில் சுமார் 20,000 பெண்களுக்கு இது நடந்ததாக வரலாற்றாசிரியர் ஃபாப்ரிஸ் விர்ஜிலி கணக்கிடுகிறார். நாட்டின் மானம் என்று ஒன்று இருந்தால் அதைச் சுமக்கும் இடம் பெண்ணின் உடம்பு என்று அப்போதும் முடிவாகியிருந்தது.

ஒரு தொலைக்காட்சித் தொடர் மாக்கி என்ற சொல்லைக் கடன் வாங்கும்போது இவ்வளவும் கூடவே வருகிறது. எழுதியவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, ரோவின் கதையில் இந்த வரலாறு உயிரோடு இருக்கிறது.

அத்தியாயத்தின் தொடக்கத்தில் ரோ உயர்நிலைப் போர்ப் பயிற்சி முடித்து, லெப்டினன்டாகக் கலத்துக்குத் திரும்புகிறார். வரவேற்பு விருந்து. தண்டனைக் கைதியாக வந்தவர் இப்போது எல்லோரும் பெருமைப்படும் அதிகாரி. அந்தப் பயிற்சிக்கு அவரைப் பரிந்துரைத்தவர் பிக்கார்ட். அந்தப் பெருமையின் ஈரம் காய்வதற்குள் வேலை வருகிறது: மாக்கிக்குள் ஊடுருவ வேண்டும். கார்டாசியரிடம் கோபம் கொண்ட பஜோரியப் பெண் என்றால் நம்புவார்கள். நெச்சாயெவ்தான் இந்த முறையும் உத்தரவைக் கொண்டுவருகிறார். மறுக்கும் சுதந்திரம் உண்டு என்று பிக்கார்ட் சொல்கிறார்தான். தனக்காக இவ்வளவு செய்த மனிதர் கேட்கும்போது மறுப்பது எப்படி இருக்கும் என்பது, வீட்டிலும் அலுவலகத்திலும் 'உன் இஷ்டம்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தெரியாததல்ல.

உள்ளே போன ரோவை மாற்றுவது ஆவேசப் பேச்சோ கொள்கை விளக்கமோ அல்ல. ஹாஸ்பெராட் என்ற பஜோரியச் சாப்பாடு. கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரம். மாக்கிக் குழுவின் தலைவர் மசியாஸ் என்ற கிழவருக்கு அது பிடிக்கும். என் அப்பா செய்யும் ஹாஸ்பெராட்டைவிடக் காரமானதை நீங்கள் சாப்பிட்டிருக்கவே முடியாது என்று ரோ சொல்கிறார். பிறகு அப்பாவைப் பற்றிப் பேச்சு வருகிறது. சிறுமிக்குக் கட்டிலுக்கடியில் பூதம் இருக்குமோ என்று பயம். அப்பா ஒரு வாத்தியத்தைக் கொண்டுவந்து வாசிப்பார், பூதங்கள் ஓடிவிடும். மூன்றாண்டுகளாக இந்தத் தொடரில் வந்துபோன ரோவின் வாயிலிருந்து அப்பாவைப் பற்றி நாம் கேட்டதெல்லாம் அவர் செத்த விதம்தான். அவர் வாழ்ந்த விதம் முதன்முறையாக இங்கேதான், ஒரு தலைமறைவுக் கிராமத்தில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெளியே வருகிறது. எண்டர்பிரைஸில் அவருக்குக் காதணி அணிய அனுமதி கிடைத்தது. இங்கே யாரும் அனுமதி கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பிரான்சின் காட்டுப் படைகளைப் பற்றிய நினைவுகளில் பெண்களின் பங்கு 'சோறு போட்டார்கள்' என்று ஒரு வரியில் முடிந்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிதான் இந்த அத்தியாயத்தில் கதையையே திருப்புகிறது. சமைப்பவர் இங்கே ஆண் என்பதால் அது தொலைக்காட்சியின் கண்ணில் பட்டதோ என்னவோ.

இதற்குப் பின் வரும் மதுக்கூடக் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ரோவுக்குத் தயக்கம் வந்துவிட்டது. மாக்கியைப் பொறியில் சிக்கவைக்கும் திட்டம் தயாராக இருக்கிறது: கார்டாசியர்கள் உயிரியல் ஆயுதம் கடத்துவதாக ஒரு போலி வாகனத் தொடரை அனுப்பி, அதைத் தாக்க மாக்கி வந்ததும் நெபுலா ஒன்றுக்குள் மறைந்திருக்கும் ஃபெடரேஷன் கலங்கள் வளைத்துக்கொள்ளும். மாக்கியை அங்கே அழைத்துவர வேண்டியவர் ரோ. இதைப் பேசுவதற்காகப் பிக்கார்டை ரகசியமாகச் சந்திக்கிறார். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. ஆகவே அவர்கள் போட்டுக்கொள்ளும் வேடம்: பாலியல் தொழிலாளியும் பேரம் பேசும் வாடிக்கையாளரும்.

இருவரும் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். உடல்கள் ஒரு நாடகம் நடிக்க, வாய்கள் வேறொன்றைப் பேசுகின்றன. ரோ தன் மனம் மாறுவதை மறைக்கப் பார்க்கிறார், பிக்கார்ட் கண்டுபிடித்துவிடுகிறார். இத்தனை நாள் மகளைப்போல் நடத்தியவர் கேப்டனாகிறார். பின்வாங்கினால் என்ன ஆகும் என்று எச்சரிக்கிறார். வேலையை நீ ஒழுங்காக முடிக்கிறாயா என்று பார்க்க ரைக்கரை உன் உறவினர் என்று கூடவே அனுப்புகிறேன் என்கிறார். இந்தக் காட்சியைத் துப்பறியும் கதையின் சாதாரண உத்தி என்று கடந்து போய்விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் விசுவாசம் விலைபேசப்படுகிறது. அவர்கள் போட்டிருந்த வேடத்துக்கும் நடந்த பேச்சுக்கும் தூரம் அதிகமில்லை. அதற்குப் பிறகு கண்காணிக்க ஓர் 'அண்ணன்' கூட வருவதும் நமக்கு ஊரறிந்த ஏற்பாடுதான்.

இதற்கு முன்பே மசியாஸ் செத்துவிட்டார். கிராமத்தில் புகுந்து கார்டாசிய ஆட்கள் சுட்டதில் ரோவின் கைகளிலேயே உயிர் போகிறது. ஒரு கிழப் போராளி போனால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார் என்று ஆறுதல்போல் சொல்லிவிட்டுப் போகிறார். ஏழு வயதில் எதுவும் செய்ய முடியாமல் பார்த்த காட்சியை ரோ மறுபடி பார்க்கிறார். இப்போது கையில் ஒரு கலமும் பொறியின் வரைபடமும் இருக்கின்றன.

நெபுலாவை நெருங்கும்போது ரோ அதற்குள் கதிரைச் செலுத்துகிறார். மறைந்திருந்த கலங்கள் வெளிப்படுகின்றன. மாக்கி திரும்பி ஓடிவிடுகிறது. ரைக்கரிடம் துப்பாக்கியை நீட்டியபடி, தனக்கு உரிய இடத்தில் இருப்பதாக உணர்ந்து நெடுநாளாகிவிட்டது என்கிறார். கேப்டனிடம் மன்னிப்புச் சொல்லச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறார். கடைசிக் காட்சியில் ரைக்கர் அறிக்கை வாசிக்கிறார்: தான் செய்வது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை, உங்களை ஏமாற்றியது ஒன்றுதான் வருத்தம். பிக்கார்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் அந்த முகத்தோடு முடிகிறது.

இதைக் கொண்டாடிவிட்டு நகர்வது எளிது. ஆனால் மாக்கிகள் குடியேறிகள். வரலாற்றில் குடியேறிகள் அமைதி ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கதை, அதே பிரான்சிடமே இருக்கிறது.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் நூற்றுமுப்பது ஆண்டுகளாக இருந்தார்கள். எட்டாண்டு விடுதலைப் போருக்குப் பின் 1962 மார்ச் 18 அன்று எவியான் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று கொதித்த குடியேறிகளும் ராணுவ அதிகாரிகளும் ஏற்கெனவே ஓ.ஏ.எஸ். என்ற ரகசியப் படையை அமைத்திருந்தார்கள். ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 15 அன்று, அல்ஜியர்ஸில் கல்விப் பணியாளர்கள் ஆறு பேரைக் கூட்டத்திலிருந்து பெயர் சொல்லி வெளியே அழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். நாவலாசிரியர் மூலூத் ஃபெரவூன் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு ழார்ழ் பிதோ என்ற அரசியல்வாதி ஓ.ஏ.எஸ். ஆட்களோடு சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'தேசிய எதிர்ப்பியக்கப் பேரவை'. ஜெர்மானியருக்கு எதிரான போரில் அதே பெயருள்ள பேரவைக்கு 1943இல் தலைவராக இருந்தவர் அவர். நாஜிகளை எதிர்த்த பெயரைக் கழற்றி, அல்ஜீரியர்களின் விடுதலையை எதிர்ப்பவர்களுக்கு மாட்டிவிட்டார்.

எதிர்ப்பியக்கத்தின் பெயரைச் சூடிக்கொள்வதால் எதிர்ப்பவர் நியாயவான் ஆகிவிடுவதில்லை. தொடர் இந்தச் சிக்கலை ஒரு சின்னத் தந்திரத்தால் தாண்டுகிறது: குடியேறிகள் போனபோது அந்தக் கோள்கள் காலியாக இருந்தன. ஆளில்லாத நிலம் என்பது குடியேற்றத்தின் மிகப் பழைய கதை என்று ப்யூப்லோ மக்களின் வாரிசுகளை அங்கே குடியமர்த்திய எழுத்தாளர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1993 செப்டம்பரில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சில மாதங்களே ஆன நேரம். குடியேறிகள் என்ற சொல்லே கனமாக இருந்த காலத்தில், கனமில்லாத குடியேறிகளை அவர்கள் கற்பனை செய்தார்கள்.

ரோ குடியேறி அல்ல. ஆக்கிரமிக்கப்பட்ட கோளின் அகதி. அவரை மாக்கிக்குள் கொண்டுபோனதால்தான் குடியேறிகளின் கோபத்துக்கு, ஆக்கிரமிக்கப்பட்டவளின் கோபத்திலிருந்து நியாயம் கிடைக்கிறது. ஸ்டார்ஃப்ளீட் மட்டும் அவரைப் பயன்படுத்தவில்லை, கதையே பயன்படுத்திக்கொள்கிறது.

கொல்லப்பட்ட அந்த ஆறு பேர் வேலை பார்த்த சமூக மையங்களை அல்ஜீரியாவில் 1955இல் தொடங்கியவர் ஒரு பெண், ஜெர்மேன் தியோன். மானுடவியலாளர். எதிர்ப்பியக்கத்தில் இருந்து பிடிபட்டு ராவன்ஸ்ப்ரூக் போனவர். அம்மாவை அங்கே பறிகொடுத்தவர். 1957 ஜூலையில் அல்ஜியர்ஸின் காஸ்பா பகுதியில் ஒரு மறைவிடத்துக்கு அவரை அழைத்துப் போனார்கள். குண்டுவைப்புகளை நடத்திக்கொண்டிருந்த சாதி யாசெஃப் எதிரே இருந்தார். கூடவே குண்டு வைத்த பெண்களில் ஒருவரான ஸோரா த்ரீஃப். மணிக்கணக்கில் பேச்சு. மரண தண்டனைகள் நின்றால் பொதுமக்கள் மீதான குண்டுகளும் நிற்கும் என்று யாசெஃப் வாக்குக் கொடுத்தார். தியோன் பாரிசுக்குப் போய் அதிகாரிகளிடம் கெஞ்சினார். தண்டனைகள் அதே மாதம் மறுபடி தொடங்கின. எந்த அரசும் அவரைப் பேச்சுவார்த்தையாளர் என்று நியமிக்கவில்லை. யாசெஃபின் வழக்கில் அவர் சாட்சி சொல்ல வந்தபோது, பிரான்சில் பலருக்கு அவர் துரோகியாகவே தெரிந்தார். ரோவுக்கு இருந்தவை இரண்டு பக்கங்கள். தியோன் நின்ற இடத்தைத் தொடர் கற்பனை செய்யவில்லை. 2015இல் அவரைப் பாந்தியோனில் வைத்து மரியாதை செய்தார்கள். அப்போது அவர் இறந்து ஏழு ஆண்டுகள்.

ரோ அந்தப் பக்கம் போன பிறகு என்ன ஆனார் என்று தொலைக்காட்சி முப்பது ஆண்டுகள் சொல்லவில்லை. 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அடுத்த தொடரிலேயே அவருக்கு முக்கியப் பாத்திரம் திட்டமிட்டிருந்தார்கள். ஃபோர்ப்ஸ் மறுத்ததால் கீரா நெரிஸ் என்ற வேறொரு பஜோரியப் போராளிப் பெண் பிறந்தார். அருமையான பாத்திரம், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் மாக்கிக்குப் போன ஆண்களுக்குக் கதை நீண்டது. அந்தத் தொடரில் மைக்கேல் எடிங்டன் என்ற அதிகாரி மாக்கியில் சேர்ந்து, தன்னைப் பிரெஞ்சு நாவலின் நாயகனாகக் கற்பனை செய்துகொண்டு, கேப்டனோடு மோதி, 1997இல் மனைவி உட்படத் தோழர்களைத் தப்பவைத்து வீரமரணம் அடைந்தார். கார்டாசியா வேறொரு பேரரசோடு சேர்ந்து மாக்கியை அழித்தபோது ரோ எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

2023இல் 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' தொடரில் அவர் திரும்பி வந்தார். கிழவரான பிக்கார்டுக்கு முதலில் வருவது கோபம்தான்: நீ எனக்குத் துரோகம் செய்தாய். ரோ தானாகவே சரணடைந்து, தண்டனை அனுபவித்து, மறுபடி ஸ்டார்ஃப்ளீட்டில் உயர்ந்திருக்கிறார். அவருடைய கணக்கு வேறு: ஒரு நியாயத்துக்காக நான் எடுத்த முடிவை நீங்கள் உங்களுக்கு நேர்ந்த அவமானமாக மட்டுமே பார்த்தீர்கள். சமாதானமாகிறார்கள். காதணியைக் கழற்றிப் பிக்கார்டின் கையில் கொடுத்துவிட்டு, அதே அத்தியாயத்திலேயே மற்றவர்களைக் காப்பாற்றச் செத்துப்போகிறார். முப்பது ஆண்டு மௌனத்துக்கு ஒரு மணி நேரக் கதை என்பது எனக்குப் போதவில்லை.

மாக்கியின் சாவைத் தொடர்கள் உண்மையில் துக்கித்தது ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு பெண்ணின் வழியாக. 'வாயேஜர்' தொடரில் பெலானா டோரஸ் மாக்கியில் இருந்த பொறியாளர். அவருடைய கலம் பால்வெளியின் மறுகோடியில் தொலைந்துவிட்டதால் ஊரில் நடந்தது எதுவும் தெரியாது. 1998இல் ஒரு கடிதம் வந்து சேர்கிறது: தோழர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள் அல்லது சிறையில் இருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'எக்ஸ்ட்ரீம் ரிஸ்க்' அத்தியாயத்தில், பெலானா பாதுகாப்பை அணைத்துவிட்டு ஆபத்தான செயற்கைப் பயிற்சிகளில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார். எலும்பு முறிகிறது, யாரிடமும் சொல்வதில்லை, எதையும் உணரவில்லை. அழுவதற்குக்கூட முடியாத துக்கம் எப்படி இருக்கும் என்று தொலைக்காட்சியில் அவ்வளவு நேர்மையாக நான் அதிகம் பார்த்ததில்லை. கலத்தின் சமையல்காரர், சிறுவயதில் பாட்டி செய்துகொடுத்த வாழைப்பழப் பான்கேக் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டறிந்து செய்து தருகிறார். பெலானா ருசி தெரியாமல் தள்ளிவைக்கிறார். கடைசியில், சண்டையும் சிகிச்சையும் முடிந்து, ஆளில்லாத சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக வந்து அதையே மறுபடி கேட்டு வாங்குகிறார். ஒரு வாய் எடுத்துவைக்கிறார். மெல்லச் சிரிப்பு வருகிறது.